எத்தனை மாதக் கோராக்கி? சப்சிஸ்டன்ஸ் என்பதற்கு வங்காளக் கிராமத்தின் கணக்கு

கேள்வி இதுதான்: சப்சிஸ்டன்ஸ் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன பொருள், வங்காளியில் என்ன பொருள், பள்ளிப் புவியியலில் ‘தன்னிறைவு வேளாண்மை’ என்று படித்தோமே, அதுவும் இதுவும் ஒன்றுதானா? முதல் இரண்டுக்கும் அகராதி போதும், சீக்கிரம் சொல்லிவிடலாம். மூன்றாவதுக்குத்தான் நீளமான பதில் தேவைப்படுகிறது. ஏனென்றால் அந்தப் பாடம் நம் மனதில் ஒரு தவறான படத்தைப் பதித்துவிட்டது.

ஆங்கிலத்தில் மூன்று பொருள். ஒன்று, உயிரோடு இருக்கப் போதுமான அளவு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. இரண்டு, அந்த அளவைச் சம்பாதித்துக் கொடுக்கும் வழி, அதாவது பிழைப்பு. மூன்று, அதற்கென்று கொடுக்கும் படி. தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கும் ஊழியருக்கு அரசு ஆணைகளில் ‘பிழைப்பூதியம்’ என்று எழுதுகிறார்களே, அது. ஆலைத் தொழிலாளர்களுக்கு 1982-ல் சட்டத்தில் சேர்த்த விதிப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், தாமதத்துக்கு ஊழியர் காரணமாக இல்லாவிட்டால் அதன் பிறகு முக்கால். பாதிச் சம்பளத்தில் குடும்பம் பட்டினி கிடக்காது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வீட்டு வாடகையை யார் கொடுப்பது என்பது அந்தக் கணக்கில் இல்லை.

வங்காளியில் ஒரு சொல் போதாது. ஜீபிகா என்றால் தொழில், வருமான வழி. ஜீபன்தாரண் என்றால் உயிரைத் தாங்கி நிறுத்துவது. எழுத்து நடையில் மட்டும்தான் வரும். பரண்போஷண் என்பது ஒருவர் இன்னொருவரைக் காப்பாற்றும் பொறுப்பு, ஜீவனாம்ச வழக்குகளில் அடிபடும் சொல். கிராசாச்சாதன் என்பதைப் பிரித்தால் கவளமும் போர்வையும், சோறும் துணியும். இதையே வீட்டுப் பேச்சில் பாத்-காபோட் என்பார்கள். கல்யாணம் முடிந்து பௌபாத் நடக்கும் நாளில் மாப்பிள்ளை ஒரு தட்டில் சோறும் ஒரு தட்டில் புடவையும் வைத்துப் பெண் கையில் கொடுத்து, ‘உன் பாத்-காபோடுக்கு இனி நான் பொறுப்பு’ என்று சொல்வது வழக்கம். வேலைக்குப் போகும் இன்றைய பெண்கள் பலர் அந்தச் சடங்கின்போது சிரித்துவிடுகிறார்கள். சிலர் அதையே திருப்பிச் சொல்லவும் செய்கிறார்கள்.

ஆனால் வயல் பக்கம் போனால் காதில் விழுவது இதெல்லாம் இல்லை. அங்கே கோராக்கி. பாரசீகத்திலிருந்து வந்தது, சாப்பாடு என்று பொருள். கூலி பேசும்போது ‘கோராக்கியோடு’ என்றால் சாப்பாடும் சேர்த்து. ‘கோராக்கி இல்லாமல்’ என்றால் கையில் கொஞ்சம் கூடுதல் பணம். அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு பேசி, பயிரிடுகிறவர் அறுப்பு வரை சாப்பிடுவதற்கு நிலக்காரரிடம் கடனாக வாங்கும் நெல்லும் கோராக்கிதான். வங்கதேசத்தின் 2006 தொழிலாளர் சட்டத்தில் நம் பிழைப்பூதியத்தின் பெயர் கோராக்கி பாத்தா. இதற்கெல்லாம் மேலே, ஒரு குடும்பத்தின் நிலைமையைத் தெரிந்துகொள்ள இதை வைத்துத்தான் விசாரிப்பார்கள்: அவர்கள் நிலத்தில் எத்தனை மாதக் கோராக்கி வருகிறது? வருஷம் பூராவும் வந்தால் கௌரவமான வீடு. எட்டு மாதம் வந்தால் சமாளித்துவிடுகிற வீடு. மூன்று மாதம் என்றால் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போகிற வீடு.

நான் சொல்ல வருவது இந்தக் கேள்வியில் இருக்கிறது. தன்னிறைவு வேளாண்மை என்று படித்தவுடன் நமக்குத் தோன்றும் படம் என்ன? தனக்கு வேண்டியதைத் தானே விளைத்து, தானே தின்று, சந்தைப் பக்கமே போகாத ஒரு குடியானவன். பத்தாம் வகுப்பு வரைபடத்தில் வங்காள டெல்டா முழுவதையும் அதே நிறத்தில் தீட்டியிருப்பார்கள். அப்படி ஒரு குடியானவன் வங்காளத்தில் என்றைக்குமே அபூர்வம். அங்கே பிழைப்பை மாதக் கணக்கில் அளந்தார்கள். அந்த மாத எண்ணிக்கையை மண் மட்டும் தீர்மானித்ததும் இல்லை. பங்கு, கடன், வரி, சந்தை விலை எல்லாம் சேர்ந்து தீர்மானித்தன.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1940களின் நிலவரம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு நாளைக்கு 450 கிராம் அரிசி. கூட வேறு பெரிதாக ஒன்றும் இல்லாத சாப்பாட்டில் இது அதிகமில்லை. வீட்டுக்கு நாளைக்கு இரண்டேகால் கிலோ, வருஷத்துக்குச் சுமார் 820 கிலோ. மூன்று பங்கு நெல் குத்தினால் இரண்டு பங்கு அரிசி என்று கொண்டால் 1,230 கிலோ நெல் வேண்டும். உரமும் பம்புசெட்டும் இல்லாத அந்தக் காலத்தில் ஏக்கருக்கு அரை டன் நெல்லைச் சுற்றித்தான் மகசூல். ஆக, சொந்த நிலம் இரண்டரை ஏக்கர் இருந்தால் வருஷச் சோறு வரும். விதைநெல்லை ஒதுக்கினால் இன்னும் கொஞ்சம் வேண்டும். அதே நிலத்தை வாரத்துக்கு எடுத்திருந்தால் விளைச்சலில் பாதி நிலக்காரருக்குப் போய்விடும். அப்போது ஐந்து ஏக்கர் வேண்டும். அதே மண், அதே மாடு, அதே உழைப்பு. ஒருவருக்குப் பன்னிரண்டு மாதம், இன்னொருவருக்கு ஆறு மாதம்.

இதோடு முடியவில்லை. உப்பு, கடுகெண்ணெய், மண்ணெண்ணெய், வேட்டி, புடவை, நிலவரி, எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். விற்பதற்கு நெல்லைத் தவிர வேறு இல்லை. அறுத்த கையோடு விற்கிறார், எல்லோரும் விற்கும் நேரம், விலை அடிமட்டத்தில் இருக்கும். எட்டு மாதம் கழித்து வீட்டில் நெல் தீரும்போது அதே நெல்லை ஏறிய விலைக்கு வாங்குகிறார். வாங்கக் காசில்லை என்றால் கடன் நெல். ஒன்று வாங்கினால் அறுப்பில் ஒன்றரை கொடுக்க வேண்டும். இடைவெளி சில மாதங்கள்தான், ஆண்டு வட்டியாகப் போட்டால் தலை சுற்றும். ‘உப்பு வாங்கி வருவதற்குள் பழைய சோறு தீர்ந்துபோகும்’ என்று வங்காளத்தில் ஒரு பழமொழி உண்டு. கைக்கும் வாய்க்குமான வாழ்க்கையைச் சொல்வதற்கு இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த ஏழையும் உப்புக்காகக் கடைக்குத்தானே போயிருக்கிறார்?

பருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்காளத்தில் மூன்று நெல். சித்திரை, வைகாசி வாக்கில் விதைத்து மழைக்கு நடுவே அறுக்கும் ஆவுஷ். மழையில் நட்டு நவம்பர், டிசம்பரில் அறுக்கும் ஆமன். குளிரில் நட்டு ஏப்ரல், மே மாதங்களில் அறுக்கும் போரோ. பாசனக் கிணறுகள் வரும் வரை ஆமன்தான் எல்லாம். நபான்னோ என்ற புத்தரிசி விழாவும் ஆமன் அறுப்போடுதான் வரும். ஆகவே வருஷத்திலேயே கடினமான காலம் ஆமன் கதிர் பிடிக்கும் முன்பு, ஆஷ்வின் கார்த்திக் மாதங்கள். பெயரைப் பார்த்து நம் கார்த்திகை என்று எண்ண வேண்டாம், வங்காளக் கார்த்திக் நமக்கு ஐப்பசி. வயலில் நடவு முடிந்துவிட்டது, களையெடுப்பும் முடிந்துவிட்டது, அறுப்புக்கு நாள் இருக்கிறது. கூலிக்காரருக்கு வேலையும் இல்லை, வீட்டில் நெல்லும் இல்லை. வடக்கே ரங்பூர் பக்கம் இதற்கு ‘மரா கார்த்திக்’ என்று பெயர், செத்த கார்த்திக். துர்கா பூஜை அனேகமாக ஆஷ்வினில் வருகிறது. கல்கத்தாவில் பந்தல் போட்டுப் புதுத்துணி வாங்கும் அதே வாரங்களில்தான் கிராமத்துக் கூலிக்காரர் வீட்டு அரிசிப் பானை காலியாக இருந்தது.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, ‘பழைய காலத்தில் அப்படி இல்லையே, குதிர் நிறைய நெல், கொட்டில் நிறைய மாடு, குளம் நிறைய மீன் என்றுதானே சொல்கிறார்கள்’ என்று கேட்கலாம். வங்காள மேடைப் பேச்சாளர்கள் யாரும் இந்த வரியை விட்டதில்லை. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. 1752-ல் பாரத்சந்திர ராய் எழுதிய அன்னதாமங்கல் காவியத்தில் அன்னபூரணி மாறுவேடத்தில் ஆற்றைக் கடக்கிறாள். அக்கரை சேர்ந்ததும் படகோட்டி ஈஷ்வரி பாட்னியிடம் என்ன வரம் வேண்டும் என்று கேட்கிறாள். படகோட்டி பொன் கேட்கவில்லை, நாடு கேட்கவில்லை. என் பிள்ளைகள் பாலும் சோறுமாக இருந்தால் போதும் என்கிறார். எல்லோர் வீட்டுக் குதிரிலும் நெல் நிறைந்திருந்தால் இதை ஒருவர் தெய்வத்திடம் கேட்டிருப்பாரா?

அந்தக் காவியம் எழுதப்பட்டுப் பதினெட்டே வருஷத்தில் 1770 பஞ்சம். வங்காள ஆண்டு 1176 என்பதால் ‘எழுபத்தாறின் மன்வந்தரம்’ என்பார்கள், மன்வந்தரம் என்றால் பெரும்பஞ்சம். மூன்றில் ஒரு பங்கு ஜனங்கள் போயிருப்பார்கள் என்று வங்காள கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதினார். அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது: 1771-ன் நிலவரி வசூல் 1768-ஐவிடக் கூடுதல். எப்படி முடிந்தது? செத்தவர்கள், ஊரைவிட்டு ஓடியவர்கள் கொடுக்க வேண்டிய வரியையும் மிச்சமிருந்த அண்டை வீட்டாரிடமே வசூலித்தார்கள். நாஜாய் என்று அதற்குப் பெயர். குடும்பத்துக்கு எத்தனை மாதச் சோறு என்பது வரி போன பிறகு மிஞ்சும் கணக்கு என்பதை இதைவிடப் பச்சையாகக் காட்ட முடியாது. 1793-ல் வந்த நிரந்தர நிலவரித் திட்டம் ஜமீன்தார் கம்பெனிக்குக் கட்டும் தொகையை நிரந்தரமாக்கியது. குடியானவர் ஜமீன்தாருக்குக் கட்டுவதை நிரந்தரமாக்கவில்லை.

இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். சப்சிஸ்டன்ஸ் என்ற சொல்லை ஆங்கிலத்தில் பயமுறுத்தும் சொல்லாக்கியவர் மால்தஸ். ஜனத்தொகை பெருக்கல் கணக்கில் ஏறும், உணவு கூட்டல் கணக்கில்தான் ஏறும் என்று 1798-ல் எழுதியவர். அவர் 1805 முதல் 1834-ல் இறக்கும் வரை எங்கே வேலை பார்த்தார் என்றால், கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரியில். பஞ்சம் வந்தால் வாய்களை எண்ணிப் பார்ப்பது, பங்கையும் வரியையும் எண்ணாமல் விடுவது என்ற பழக்கத்துக்கு அந்த வகுப்பறைக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கருத்து.

சந்தைக்கே போகாத குடியானவன் என்ற படத்தைக் கிழித்துப் போட ஒரு சணல் கட்டு போதும். கிழக்கு வங்காளத்தில் சணல் அதிகம் போட்டவர்கள் பெரும் பண்ணையார்கள் இல்லை. ஒன்றரை, இரண்டு ஏக்கர்காரர்கள். ஏன்? அவ்வளவு நிலத்தில் நெல் போட்டால் வருஷச் சோறு வராது. சணலுக்கு உழைப்பு அதிகம், வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, இடுப்பளவு நீரில் நின்று நாரை உரிக்க வேண்டும். ஆனால் ஏக்கருக்குக் கிடைக்கும் பணம் நெல்லைவிட அதிகம். நிலம் குறைவு, வீட்டில் ஆட்கள் அதிகம் என்ற குடும்பம் சணலை விற்று அரிசியை வாங்கியது. அதாவது வயிற்றுப்பாட்டுக்காகவே உலகச் சந்தைக்குள் போனார்கள். அவர்கள் சோறு ஸ்காட்லாந்தின் டண்டீயிலும் ஹூக்ளிக் கரையிலும் இருந்த ஆலைகளின் கையில் இருந்தது. 1929-க்குப் பிறகு சணல் விலை விழுந்தபோது அடித்தது நேராக அடுப்பில். லேவாதேவிக்காரர்கள் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள். அதுவரை மரா கார்த்திக்கைத் தாண்டவைத்ததே அந்தக் கடன்தான்.

இந்தப் பின்னணியில்தான் 1937 வங்காள மாகாணத் தேர்தல். ஃபஸ்லுல் ஹக்கின் கிருஷக் பிரஜா கட்சி வைத்த வாக்குறுதி தால்-பாத், எல்லோருக்கும் பருப்பும் சோறும். பாட்டுவாகாலி தொகுதியில் டாக்கா நவாப் குடும்பத்தைச் சேர்ந்த காஜா நசிமுதீனை அவர் தோற்கடித்தார். ஒரு தேர்தல் அறிக்கையைக் குறைந்தபட்சச் சாப்பாடாகச் சுருக்கியதை அன்றைக்குப் படித்தவர்கள் சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அது நேர்மையான அறிக்கையாகவே படுகிறது.

அடுத்து 1943. வங்காள ஆண்டு 1350, ‘ஐம்பதின் மன்வந்தரம்’. பர்மா ஜப்பானிடம் போனது, மேதினிப்பூரில் 1942 அக்டோபரில் புயல், நெற்பயிரில் நோய், ஜப்பான்காரர் கையில் சிக்கக்கூடாது என்று கடலோரப் படகுகளை அரசே பறித்தது, யுத்தச் செலவால் பணவீக்கம், எல்லாம் ஒன்றாக வந்தன. கல்கத்தாவில் ஒரு மணங்கு அரிசி (சுமார் 37 கிலோ) 1942 டிசம்பரில் 13, 14 ரூபாய். 1943 மே மாதம் 30-ஐத் தாண்டியது, ஆகஸ்டில் 37. மாவட்டங்களில் இன்னும் மோசம். இறந்தவர்கள் சுமார் முப்பது லட்சம் என்பது இன்றைய பொதுவான மதிப்பீடு. அரசின் விசாரணைக் குழு பதினைந்து லட்சம் என்றது.

யார் செத்தார்கள் என்பதுதான் நம் கேள்விக்கு முக்கியம். அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட ஆய்வில் இதை எடுத்துக் காட்டினார். முதலில் விழுந்தவர்கள் விவசாயக் கூலிகள், மீனவர்கள், படகு வண்டி ஓட்டுகிறவர்கள், நெல் குத்தும் பெண்கள். அதாவது அரிசியை விளைக்காமல் வாங்கிச் சாப்பிட்டவர்கள். மீன் விலையோ கூலியோ அரிசி விலையோடு சேர்ந்து ஏறவில்லை. நெல் குத்தும் பெண்களை மட்டும் தனியாகப் பாருங்கள். நிலமில்லாத விதவைகள் பலருக்கு அதுதான் ஜீபிகா: வசதியான வீட்டு நெல்லை டேக்கி என்ற மிதி உலக்கையில் குத்தி, அரிசியைத் திருப்பிக் கொடுத்து, ஒரு பங்கைக் கூலியாக வைத்துக்கொள்வது. நெல் பதுங்கியதும் குத்துவதற்கு ஒன்றும் இல்லை, அவர்கள் பங்கும் இல்லை. கையில் கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர்கள் பலர் நிலத்தை விற்றுப் பிழைத்தார்கள். புள்ளியியல் அறிஞர் மஹலநோபிஸின் குழு பிறகு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பின்படி சுமார் 2.6 லட்சம் குடும்பங்கள் நெல் நிலம் முழுவதையும் இழந்தன. அடுத்த வருஷம் அவர்களும் கூலிகள்.

கல்கத்தாத் தெருக்களில் கிராமத்தார் கேட்டது சோறுகூட இல்லை. ‘ஃபேன் தாவ், மா’ என்றார்கள். ஃபேன் என்றால் வடிகஞ்சி, சோறு வடித்த தண்ணீர். பிச்சையாகக்கூட அரிசியைக் கேட்க முடியாது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

பஞ்சம் தணிந்ததும் பங்கைப் பற்றிய சண்டை வந்தது, அது தற்செயல் இல்லை. 1940-லேயே ஃப்ளவுட் கமிஷன் என்ற நிலவரிக் குழு, வாரத்துக்குப் பயிரிடுகிறவருக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுக்கலாம் என்று சிபாரிசு செய்திருந்தது. யாரும் அமல்படுத்தவில்லை. 1946 அறுப்பில் விவசாயிகள் சங்கமான கிசான் சபா அந்தச் சிபாரிசையே கோஷமாக்கியது: தேபாகா, மூன்று பங்கு, இரண்டு உழுதவருக்கு, ஒன்று நிலக்காரருக்கு. தினாஜ்பூர், ஜல்பாய்குரி, ரங்பூர் பக்கம் வாரக்குடிகளை ஆதியார் என்பார்கள், பாதிக்காரர் என்று அர்த்தம். அவர்களின் இன்னொரு கோரிக்கை வெளியாருக்குச் சின்னதாகத் தெரியும்: அறுத்த கதிரை எங்கள் களத்துக்கே கொண்டுபோவோம். நிலக்காரர் களத்தில் அடித்தால் கடன் நெல், அதற்கு வட்டி, கோயில் காணிக்கை, காவல்காரர் பங்கு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுப்பார். பாதி என்று பெயர்தான், கையில் வருவது பாதியைவிடக் குறைவு. கடன் நெல்லுக்கு வட்டி கூடாது என்பதும் கோரிக்கையில் இருந்தது. 1947 பிப்ரவரி 20-ல் தினாஜ்பூரின் கான்பூர் கிராமத்தில் போலீஸ் சுட்டதில் 22 பேர் இறந்தார்கள்.

பிறகு பிரிவினையின் எல்லைக்கோடு வந்துவிட்டது. இந்தப் பக்கம் மேற்கு வங்கத்தில் 1971 திருத்தம், ஏர், மாடு, விதை, உரத்தை நிலக்காரர் கொடுக்காவிட்டால் பர்காதாருக்கு, அதாவது வாரக்குடிக்கு, 75 சதவீதம் என்றது. 1978-ல் தொடங்கிய பர்கா பதிவு இயக்கத்தில் சுமார் 14 லட்சம் பேர் பதிவேட்டில் ஏறினார்கள். இதன் நல்லது கெட்டது பற்றி இன்னும் வாக்குவாதம் நடக்கிறது, அதற்குள் இப்போது போக வேண்டாம்.

அந்தப் பக்கம் நடந்தது நம் கேள்விக்கு இன்னும் நெருக்கம். வங்கதேசத்தில் 1984-ல் இரண்டு அவசரச் சட்டங்கள் வந்தன. ஒன்று தேபாகாவின் தம்பி: நிலத்துக்கு ஒரு பங்கு, உழைப்புக்கு ஒரு பங்கு, செலவு செய்தவருக்கு அந்த அளவில் மூன்றாவது பங்கு. மற்றொன்று விவசாயக் கூலிக்கான குறைந்தபட்ச ஊதியம். அதைப் பணத்தில் சொல்லவில்லை. நாளொன்றுக்கு 3.27 கிலோ அரிசி அல்லது அதற்கு ஈடான பணம் என்றார்கள். பழைய கணக்கில் மூன்றரை சேர். மேலே போட்ட கணக்கை இங்கே பொருத்திப் பார்த்தால், ஐந்து பேர் வீட்டுக்கு இரண்டேகால் கிலோ சோற்றுக்கே போய்விடும். மிச்சம் ஒரு கிலோ அரிசியின் விலையில் எண்ணெய், உப்பு, துணி, மருந்து எல்லாம். வேலை கிடைக்காத நாளுக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். நாட்டின் சட்டமே சப்சிஸ்டன்ஸை இவ்வளவு துல்லியமாக அரிசியில் எழுதிவைத்த இன்னொரு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நடைமுறையில் யாரும் பின்பற்றவில்லை என்பது வேறு விஷயம்.

இந்தப் பிழைப்புக் கோட்டருகே வாழ்கிறவர் எப்படி முடிவெடுப்பார் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதே இல்லை. ரங்பூரின் மரா கார்த்திக் பஞ்சத்துக்கு மோங்கா என்றும் பெயர். 1998-ல் வங்கதேசத்தின் ஜமுனா ஆற்றுப் பாலம் திறந்த பிறகு டாக்காவுக்குப் பஸ்ஸில் போவது சுலபமாகிவிட்டது, அங்கே ரிக்‌ஷா ஓட்டினாலும் கட்டட வேலை செய்தாலும் காசு. அப்படியும் பலர் அந்த இரண்டு மாதமும் ஊரிலேயே அரைவயிறாகக் கிடந்தார்கள். சோம்பல் என்று சொன்னவர்கள் உண்டு. 2008-ல் முஷ்ஃபிக் மொபாரக், ஷ்யாமல் சௌதுரி, கராட் பிரையன் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் நூறு கிராமங்களில் ஒரு சோதனை செய்தார்கள். சில குடும்பங்களுக்குப் பஸ் கட்டணம் அளவுக்கு, சுமார் எட்டரை டாலர் கொடுத்து, இந்தப் பருவத்தில் ஒருவரை வெளியூர் அனுப்புங்கள் என்றார்கள். கொடுத்ததன் பலனாகக் கூடுதலாக 22 சதவீத வீடுகளிலிருந்து ஆட்கள் போனார்கள். ஊரில் இருந்தவர்களின் சாப்பாடு கூடியது. அடுத்த வருஷம் யாரும் காசு கொடுக்காமலே பலர் திரும்பப் போனார்கள்.

அப்படியானால் முதலிலேயே ஏன் போகவில்லை? பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு வீட்டின் சில வாரச் சோறு. போன இடத்தில் வேலை கிடைத்தால் லாபம். கிடைக்காவிட்டால் இங்கே பிள்ளைகள் பட்டினி. நடுத்தர வர்க்கத்துக்காரர் இழப்பைச் சகித்துக்கொண்டு அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். இவரிடம் அடுத்த முறை என்பதே இல்லை. புது ரக விதையைப் போடத் தயங்குவது, அதிகம் தரும் பயிரை விட்டுச் சுமாராகத் தரும் பழகிய பயிரைப் பிடித்துக்கொள்வது எல்லாம் இதே கணக்குத்தான். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பிற்பாடு இதே திட்டத்தைப் பெரிய அளவில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை, 2019-ல் நிறுத்திவிட்டார்கள். மோங்காவைத் தணித்ததில் வேறு பலவற்றுக்கும் பங்கு உண்டு. அதில் ஒன்று ‘பிரி தான் 33’ என்ற நெல் ரகம். சுமார் 118 நாளில் அறுக்கலாம் என்பதால் கார்த்திக்கிலேயே அறுப்பு வேலையும் புது நெல்லும் வந்துவிட்டன. காலண்டரை மாற்றியதன் மூலம் சோற்றுக்கு வழி செய்தார்கள்.

அப்புறம் இன்றைய நிலை. வங்கதேசத்தில் ஆழமில்லாத குழாய்க் கிணறுகள் பெருகி, ஒரு காலத்தில் ஓரத்துப் பயிராக இருந்த போரோ இப்போது நாட்டின் அரிசியில் பாதிக்கு மேல் தருகிறது. போரோ முழுக்கக் காசுப் பயிர்: டீசல், உரம், அறுப்புக் கூலி, எல்லாம் கடன், அறுத்ததும் விற்றே ஆக வேண்டும். 2019 மே மாதம் டாங்காயில் மாவட்டத்தில் ஒரு விவசாயி விளைந்து நின்ற தன் போரோ வயலுக்குத் தானே தீ வைத்தார், செய்தி நாடு முழுக்கப் பரவியது. ஒரு மணங்கு நெல்லின் விலை, அதை அறுக்கும் ஓர் ஆளின் ஒரு நாள் கூலிக்குக்கூடப் போதவில்லை என்பது அவர் கோபம். 1984-ல் ஒரு நாள் கூலி மூன்றேகால் கிலோ அரிசி என்று சட்டம் ஆசைப்பட்டது. 35 வருஷத்தில் அறுப்புக் காலக் கூலி கிட்டத்தட்ட 40 கிலோ நெல்லைத் தாண்டிவிட்டது. கூலிக்காரருக்கு நல்ல காலம். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் மாட்டிக்கொண்டார்.

சாப்பாடும் மாறிவிட்டது. வங்கதேசப் புள்ளியியல் துறையின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்புகளில் ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி 2010-ல் 416 கிராம், 2016-ல் 367, 2022-ல் 329. வசதி குறைந்ததால் இல்லை, முட்டையும் மீனும் காய்கறியும் கூடியதால். ஆகவே இன்றைக்கு எத்தனை மாதக் கோராக்கி என்று கேட்டால் அந்தப் பதிலை வைத்து வீட்டை எடைபோட முடியாது. மூன்று மாத நெல்கூட விளையாத வீட்டில் ஒரு மகன் கத்தாரில், ஒரு மகள் காசிப்பூர் கார்மென்ட்ஸ் ஆலையில் இருக்கலாம். அவர்கள் அரிசியைக் கடையில் வாங்கிக்கொண்டு, இருக்கும் நிலத்தை வாரத்துக்கு விட்டிருப்பார்கள்.

தேர்வுக்கு எழுதுவதாக இருந்தால் ‘தன்னிறைவு வேளாண்மை’ என்றே எழுதுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். வங்காளியிலிருந்து மொழிபெயர்க்கிறீர்கள் என்றால் ஜீபிகாவுக்குப் பிழைப்பு அல்லது வாழ்வாதாரம், பரண்போஷணுக்குப் பராமரிப்பு அல்லது ஜீவனாம்சம், பாத்-காபோடுக்குச் சோறு துணி என்று போடலாம். கோராக்கி வந்தால் மட்டும் கூலியா, கடனா, படியா, வருஷ நெல்லா என்று பக்கத்து வரியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.